பச்சை விழுந்த பிறகு: திருநெல்வேலி–செங்கோட்டைப் பாதையின் சின்ன ஸ்டேஷன்களைப் படமெடுப்பது

ரயில் படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் வண்டியைத் துரத்துகிறவர்கள். எந்த இன்ஜின், எந்த ஷெட் (இன்ஜின் பராமரிப்புக் கூடம்), என்ன வேகம் என்பதில் இருக்கும் கவனம் அந்த வண்டி வந்து போகிற இடத்தின் மேல் இருப்பதில்லை. பெரிய ஜங்ஷனில் இது செல்லும். அங்கே ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது பின்னாலேயே வரும். சின்ன ஸ்டேஷனில் கதையே வேறு. நாள் முழுக்க வருவது விரல்விட்டு எண்ணக்கூடிய வண்டிகள். ஒவ்வொன்றும் கண்ணில் படுவது ஒன்றிரண்டு நிமிடம். மிச்சப் பொழுதெல்லாம் ஸ்டேஷன்தான். தண்டவாளம் எப்படிப் பிரிகிறது, சிக்னல் எதைச் சொல்கிறது, வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்ற மூன்றையும் படித்துக்கொண்டவருக்கு எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்ற இரண்டும் வண்டி வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இதை விளக்கத் திருநெல்வேலி–செங்கோட்டைப் பாதையை எடுத்துக்கொள்கிறேன். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழக்கடையம், பாவூர்ச்சத்திரம், தென்காசி என்று போகிற ஒற்றைப் பாதை. மலையைத் தாண்டிக் கொல்லம் வரையான மீட்டர் கேஜ் இணைப்பு 1904இல் முழுமையடைந்தது. திருநெல்வேலி–தென்காசிப் பகுதி 2012இல் அகலப் பாதையானது; செங்கோட்டை–புனலூர் மலைப்பகுதி 2018இல்தான் முடிந்தது. அதன் பிறகு மின்கம்பியும் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் வயல், வாய்க்கால், ஆறு, மலை எல்லாம் ஒரே படத்துக்குள் அடங்கும் ரயில் பாதைகள் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று.

முதல் வேலை மேப்பில்

கிளம்புவதற்கு முன் செயற்கைக்கோள் படத்தில் ஸ்டேஷனைத் திறந்து தண்டவாளங்களை எண்ணுங்கள். ஒரே ஒரு பாதை, ஒரே ஒரு பிளாட்பாரம் என்றால் அது ஹால்ட். அங்கே லூப் (ஒரு வண்டி ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை) கிடையாது, அதனால் கிராஸிங் (எதிரெதிர் வண்டிகள் விலகிக் கடப்பது) கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டரும் ஸ்டேஷனுக்கென்று சிக்னலும் இருக்காது. டிக்கெட்டைக் கமிஷன் ஏஜென்ட் கொடுப்பார். இரண்டோ மூன்றோ பாதைகள் பிரிந்து மறுபடி சேர்ந்தால் அது கிராஸிங் ஸ்டேஷன். உங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். ஹால்ட்டுக்கும் ஓர் அழகு உண்டு, ஆனால் அங்கே வண்டி வருவதை முன்கூட்டிச் சொல்ல ஹாரனைத் தவிர எதுவும் இல்லை.

அதே படத்தில் இன்னும் நான்கைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்: பாதை எந்தத் திசையில் ஓடுகிறது, நடைமேம்பாலம் இருக்கிறதா, அருகில் கேட் எங்கே, பிளாட்பாரத்தில் மரங்கள் எந்தப் பக்கம். வேம்பும் புங்கமும் வெயிலுக்கு நல்லவை, படத்துக்குப் புள்ளிப் புள்ளியான நிழலைத் தரும். இன்ஜின் முகத்தில் அந்த நிழல் விழுந்தால் எந்த மென்பொருளும் அதைத் துடைத்துத் தராது. மரத்தடியில் நீங்கள் நிற்கலாம், வண்டி நிற்கக்கூடாது.

பிளாட்பாரத்தின் உயரமும் முக்கியம். இன்றைய உயர்மட்ட பிளாட்பாரம் தண்டவாளத்துக்கு மேல் 76 முதல் 84 சென்டிமீட்டர் இருக்கும். அதன் மேல் நின்று பக்கத்தில் வரும் வண்டியை எடுத்தால் சக்கரமும் அதைத் தாங்கும் சட்டமும் பிளாட்பார விளிம்புக்குக் கீழே மறைந்துவிடும். தரையை ஒட்டி ஒரு பெட்டி நகர்வதுபோல்தான் படம் வரும். முழு வண்டி வேண்டுமானால் எதிர் பிளாட்பாரம், அல்லது பிளாட்பாரம் சரிந்து தரையோடு சேரும் கடைக்கோடியில் வேலிக்கு இப்பால்.

வெயில்

உலகமெங்கும் ரயில் ரசிகர்கள் கடைப்பிடிக்கும் விதி ஒன்றுதான்: சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கவேண்டும், வண்டியின் முகமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து வெளிச்சத்தில் இருக்கவேண்டும். வடக்கு நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இதோடு சேர்த்துப் பாதையின் தெற்குப் பக்கம் நில் என்கின்றன. நம் ஊரில் பாதி வருடத்துக்கு அது தவறு. அம்பாசமுத்திரத்தின் அட்சரேகைக்கு ஏப்ரல் இரண்டாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது. காலை, மாலைச் சூரியனோ மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை கிழக்குக்கும் மேற்குக்கும் வடபுறமாகவே எழுந்து அமர்கிறது.

இந்தப் பாதை திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வரை ஏறக்குறைய கிழக்கு–மேற்காகவும், அதைத் தாண்டிப் பாவூர்ச்சத்திரம் வரை வடக்கு நோக்கியும் ஓடுகிறது. ஆகவே சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி பக்கம் ஜூனில் வடபுறம், டிசம்பரில் தென்புறம். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் சூரியன் தண்டவாளத்தின் நேர்கோட்டிலேயே எழும். இன்ஜின் முகம் மட்டும் பளபளக்கும், பக்கவாட்டு இரண்டும் மங்கிக் கிடக்கும். அந்த வாரங்களில் முக்கால் கோணத்தை (முகமும் ஒரு பக்கவாட்டும் சேர்ந்து தெரியும் கோணம்) விட்டுவிட்டு நேர்முகமாக, நீளமான லென்ஸில், பிளாட்பாரத்தின் பாதுகாப்பான இடத்திலிருந்து எடுப்பதே சரி. கீழக்கடையம் பக்கம் கணக்கு எளிது: காலையில் கிழக்குப் பக்கம், மாலையில் மேற்குப் பக்கம், எந்த மாதமானாலும். வண்டியின் முகம் மட்டும் ஜூனில் தென்காசி நோக்கிப் போகும்போதும், டிசம்பரில் அம்பாசமுத்திரம் நோக்கி வரும்போதும் வெளிச்சம் பெறும்.

மணி எட்டரையைத் தாண்டிவிட்டால் கூரை மட்டும் எரியும், அடிப்பாகம் கறுத்துவிடும். டிசம்பர் கடைசியில்கூட நண்பகல் சூரியன் இங்கே 58 டிகிரி உயரத்தில் இருக்கிறது. குளிர்காலச் சாய்வெயில் என்று வெளிநாட்டுப் படங்களில் பார்த்துப் பொறாமைப்படும் ஒன்று நமக்கு நடுப்பகலில் கிடைக்கவே கிடைக்காது. காலை எட்டரை வரை, மாலை நான்குக்குப் பிறகு. நடுவில் உள்ள நேரத்தைக் கட்டடத்தின் உட்புறத்துக்கும் பலகைகளுக்கும் ஒதுக்குங்கள்.

மாலை நான்குக்குப் பிறகு என்றாலும் இந்தப் பக்கம் ஒரு சிக்கல் உண்டு. மேற்கே மலை. அடிவானத்தில் மலை 5 டிகிரி உயர்ந்து நின்றால், பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்குச் சுமார் 20 நிமிடம் முன்பே நேர்வெயில் போய்விடும். செங்கோட்டைக்கு நெருங்க நெருங்க இன்னும் சீக்கிரம். பொன்வெயிலுக்காக ஐந்தே முக்கால் வரை காத்திருந்தவருக்கு நிழல்தான் மிஞ்சும்.

அதனால் இந்தப் பாதையின் முத்திரைப் படம் காலையில் இருக்கிறது. மேற்கே பார்த்து நில்லுங்கள். பின்னால் பொதிகைத் தொடர், அதன் மேல் நேரடியாகக் காலை வெயில். செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி நோக்கி வரும் வண்டியின் முகம் கிழக்கே பார்க்கிறது, அதுவும் வெளிச்சத்தில். மலையும் வண்டியும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும் வாய்ப்பு வேறு நேரத்தில் வராது. 24 அல்லது 28 மில்லிமீட்டரில் எடுத்தால் மலை ஒரு நீலக் கோடாகச் சுருங்கிவிடும். 85 முதல் 135 வரையான லென்ஸோடு பின்வாங்கி நின்றால்தான் மலை மலையாக எழும். மாதம்? வடகிழக்குப் பருவமழை விட்ட டிசம்பர் கடைசி, ஜனவரி. காற்றில் தூசி அடங்கியிருக்கும், மலைமேல் மேகம் குறைவு, பிசானப் பருவ நெற்பயிர் பச்சை கட்டியிருக்கும். சூரியன் தென்கிழக்கில், எனவே பாதையின் தென்புறம்.

வயலில் தண்ணீரில் வண்டி தெரிய வேண்டும் என்பவர்கள் நடவு முடிந்த முதல் இரண்டு வாரத்தைப் பிடிக்க வேண்டும். கார் பருவச் சாகுபடிக்கு ஜூன், ஜூலை; பிசானத்துக்கு அக்டோபர், நவம்பர். அணை திறப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். பயிர் தூர் கட்டிவிட்டால் நீர் மூடிவிடும், பிரதிபலிப்பு போய்விடும். வரப்பில் நிற்கச் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்வது மரியாதை மட்டும் இல்லை. எந்த மடை உடைந்திருக்கிறது, எங்கே கால் புதையும் என்பதையும் அவர்தான் சொல்வார்.

சிக்னலை முதுகுப் பக்கமாகப் படிப்பது

வெளியிலிருந்து வரும் வண்டிக்கு முதலில் முன்னறிவிப்புத் தரும் டிஸ்டண்ட், அடுத்து உள்ளே வர அனுமதிக்கும் ஹோம், பிளாட்பாரம் முடிகிற இடத்தில் கிளம்ப அனுமதிக்கும் ஸ்டார்ட்டர், அதற்கும் அப்பால் அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டர். டிஸ்டண்ட் ஹோமுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் நிற்கும். புதிதாக வருகிறவர்கள் வண்டி வரும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்தப் பக்கம் ஹோம் சிக்னலின் முதுகுதான் தெரியும். பார்க்கவேண்டியது எதிர்ப்பக்கம். மேற்கிலிருந்து வரும் வண்டிக்கான ஸ்டார்ட்டர் கிழக்குக் கோடியில், மேற்கே பார்த்தபடி இருக்கிறது. மெயின் லைன் ஸ்டார்ட்டரில் பச்சை விழுந்தால் அந்த வண்டி சிக்னலுக்காக இங்கே நிற்கப்போவதில்லை. நிறுத்தம் இல்லாத வண்டியாக இருந்தால் ரன் த்ரூ. முழு வேகத்தில் போகும். சிவப்பாகவே இருந்தால் உள்ளே வந்து நிற்கும்.

எந்த லைனில் வரும் என்பதைப் பாயின்ட், அதாவது தண்டவாளம் பிரியும் இடத்தில் நகரும் பகுதி, சொல்லும். பிளாட்பாரக் கோடியிலிருந்து பார்த்தால் நாக்குத் தண்டவாளம் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது என்பது தெரியும். மோட்டார் ஓடி அது நகரும் சத்தமும் அமைதியான ஸ்டேஷனில் நன்றாகக் கேட்கும். லூப்பில் நுழையும் வண்டி வழக்கமாக 30 கிலோமீட்டருக்கு மேல் வராது. மெயினில் வருவதற்கும் லூப்பில் வருவதற்கும் ஷட்டர் வேகம், நிற்கும் இடம், படத்தின் குணம் எல்லாமே வேறு.

பக்கத்தில் கேட் இருந்தால் அது இன்னொரு கடிகாரம். சிக்னலோடு பிணைக்கப்பட்ட கேட்டில், கேட் பூட்டினால்தான் சிக்னல் விழும், அதாவது வண்டி வரலாம் என்று மாறும். கேட் அடைத்துவிட்டார்கள், ஸ்டார்ட்டரும் பச்சை என்றால் மொபைலை உள்ளே வையுங்கள். கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் ஹாரன் பலகை இருக்கும். மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் வண்டிக்கு அது சுமார் 22 விநாடி. ஹாரன் கேட்ட பிறகு லென்ஸ் மாற்ற நினைப்பவர் அந்த வண்டியை மறந்துவிடலாம். ரயில் நேரம் காட்டும் செயலிகள் பயணிகள் வண்டிகளுக்கு உதவும். சரக்கு வண்டி அவற்றில் வராது. சிக்னலைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் கூட்ஸ் கிடைக்கும்.

கிராஸிங்

ஒற்றைப் பாதையின் உயிர் கிராஸிங். இரட்டைப் பாதை ஆன இடங்களில் எதிரெதிர் வண்டிகள் ஓட்டத்திலேயே கடந்துவிடுகின்றன. இங்கே ஒன்று காத்திருக்க, இன்னொன்று கடக்கிறது. ஒரே ஸ்டேஷனில் இரண்டு வண்டி, ஒன்று நின்றபடி, ஒன்று ஓடியபடி. சின்ன ஸ்டேஷனில் இதைவிடச் செழிப்பான பத்து நிமிடம் கிடையாது.

வரிசை இப்படிப் போகும். முதல் வண்டி லூப்பில் ஏற்கப்படுகிறது. அது முழுதாக உள்ளே வந்து நின்ற பிறகு எதிர் வண்டிக்குப் பாயின்ட் மெயினுக்குத் திரும்புகிறது, ஹோம் விழுகிறது. எதிர் வண்டி கடந்து, பாதை காலியானதும் மறுபடி பாயின்ட் லூப்புக்குத் திரும்பி, நின்ற வண்டியின் ஸ்டார்ட்டரில் மஞ்சள் விழுகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு படம் உண்டு. அவசரப்படுகிறவர்கள் இரண்டு இன்ஜினும் மூக்கோடு மூக்கு சேரும் அந்த ஒரு கணத்தை மட்டுமே குறிவைத்து மற்ற எல்லாவற்றையும் இழக்கிறார்கள்.

நிற்க நல்ல இடம், காத்திருக்கும் இன்ஜினுக்கு முன்னால் ஒன்றரைப் பெட்டி நீளம், அதாவது 35 மீட்டர் அளவு, பிளாட்பாரத்தின் மேல். அங்கிருந்து நின்ற வண்டியின் முகம் படத்தின் ஒரு பக்கம் பெரிதாக வரும். கடக்கும் வண்டி எதிர்த்திசை வண்டி என்பதால் உங்கள் பின்னாலிருந்து வந்து எதிரே சுருங்கும். அப்போது கடைசிப் பெட்டியின் எக்ஸ் குறியும் நின்ற வண்டியின் முகமும் சேரும் படம் கிடைக்கும். பலர் இதை வீணென்று விடுகிறார்கள். என் கணிப்பில் கிராஸிங் நடந்தது என்பதைச் சொல்லும் படமே அதுதான்.

இதில் வழக்கமாகக் கெடுவது எக்ஸ்போஷர். நின்ற இன்ஜினின் ஹெட்லைட்டை அணைத்தோ மங்கவைத்தோ வைத்திருப்பார்கள். கடக்கும் இன்ஜினின் ஹெட்லைட் முழு வீச்சில் வரும். ஆட்டோவில் விட்டால் அந்த ஒரு விளக்கைப் பார்த்துக் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். மேனுவலில், நின்ற வண்டியின் வெயில்பட்ட பக்கத்தை அளந்து பூட்டிவிடுங்கள். வெள்ளை மேல் சிவப்புப் பட்டை போட்ட டபிள்யூ.ஏ.பி-7 இன்ஜின்களுக்கு அதிலிருந்தும் மூன்றில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் குறைத்தால்தான் முகத்தின் வெள்ளையில் விவரம் நிற்கும். மொபைலில் திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு, வெளிச்சக் கோட்டைச் சற்றுக் கீழே இழுத்துவிடுங்கள்.

கொடி காட்டும் ஆளையும் விடாதீர்கள். ரன் த்ரூ வண்டிக்கு ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு பக்கமும் பாயின்ட்ஸ்மேன் மறுபக்கமும் பச்சைக் கொடியோடு நிற்பார்கள். வண்டியின் அடியில் எங்கேனும் தீப்பொறி, தொங்கல், சூடான அச்சு இருக்கிறதா என்று இரு பக்கமும் பார்ப்பது அவர்கள் வேலை. அவர்கள் பார்வையை மறைத்தோ, பேச்சுக் கொடுத்தோ நிற்காதீர்கள். இருபது மீட்டர் பின்னால், 100 மில்லிமீட்டர் அளவில், எஃப் 5.6இல், கொடியின் மேல் ஃபோகஸ். இன்ஜின் இரண்டு பெட்டி நீளத் தூரத்தில் இருக்கும்போது அழுத்தினால் ஆளும் வண்டியும் ஒருசேர நிற்கும்.

ஷட்டர், மாஸ்ட் நிழல், கானல், சாரல்

மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 28 மீட்டர். 1/500இல் வண்டி ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000இல் கிட்டத்தட்ட மூன்று. முக்கால் கோணத்தில் தூரத்தில் வரும் வண்டிக்கு 1/1000 போதும். பக்கவாட்டில் நேராகக் கடப்பதற்கு 1/2000 வேண்டும், அல்லது வேண்டுமென்றே 1/60க்கு இறங்கி வண்டியோடு சேர்த்துக் கேமராவைத் திருப்புங்கள். இடைப்பட்ட 1/250 இரண்டும் கெட்டான். விநாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் பர்ஸ்ட்டிலும் இரண்டு படங்களுக்கு நடுவே வண்டி மூன்று மீட்டர் தாண்டிவிடும். பர்ஸ்ட்டை நம்பி இடத்தைத் தேர்ந்தெடுக்காமல் விடக்கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் மின்கம்பியைத் தாங்கும் கம்பமான மாஸ்ட்டைப் பார்ப்பது. நேர்பாதையில் இரண்டு மாஸ்ட்டுக்கு இடையே அதிகபட்சம் 72 மீட்டர்; வளைவில் குறையும். இன்ஜின் முகம் இரண்டு மாஸ்ட்டுக்கு நடுவில் இருக்கும்போது அழுத்தவேண்டும், கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃப் மாஸ்ட்டோடு ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதைவிட முக்கியம் நிழல். காலை வெயிலில் மாஸ்ட்டின் நிழல் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக் கிடக்கும். வண்டி வருமுன் அந்த நிழல்கோடு எந்த ஸ்லீப்பரில் (குறுக்குக் கட்டையில்) விழுகிறது என்று பாருங்கள்; அதற்கு முன்னோ பின்னோ ஒரு ஸ்லீப்பரைக் குறியாக வைத்து, அங்கேயே ஃபோகஸைப் பூட்டிக்கொள்ளுங்கள். நிழல் இன்ஜின் முகத்தை இரண்டாகப் பிளக்கும் படங்களுக்கு இந்த ஒரு நிமிடச் சோம்பல்தான் காரணம். மாஸ்ட் வந்து பாதையின் அழகே போயிற்று என்று புலம்புகிறவர்கள் உண்டு. டீசல் காலத்துத் திறந்த வானம் திரும்பி வராது; மாஸ்ட்டைச் சட்டமாக்கிக்கொள்வதே வழி.

மொபைலில் பக்கவாட்டில் எடுத்தால் பெட்டிகள் சாய்ந்து தெரியும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கிறது. மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் நடுவே வண்டி நகர்ந்துவிடுகிறது. விலகி நின்று முக்கால் கோணத்தில் எடுத்தால் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. பெரிய கேமராவில் சைலன்ட் ஷட்டரை நிறுத்தி மெக்கானிக்கலுக்கு மாற்றுங்கள். பெட்டியின் எல்.இ.டி. பெயர்ப்பலகை பாதி எழுத்தோடு வருவதும் இதன் உறவுக்காரப் பிரச்சினைதான்: விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. 1/100 அல்லது அதற்கும் மெதுவாக எடுத்தால் முழு எழுத்தும் வரும், ஆகவே நின்ற வண்டியில்தான் எடுக்க முடியும்.

ஒன்பது மணிக்கு மேல் 200 மில்லிமீட்டரைத் தாண்டிய லென்ஸில் தூரத்து வண்டி நெளியும். ஜல்லியும் தண்டவாளமும் சூடாகி, மேலெழும் காற்று வெளிச்சத்தை வளைக்கிறது. லென்ஸ் சரியில்லை, ஃபோகஸ் சரியில்லை என்று ஊரெல்லாம் குறை சொல்லிப் பயனில்லை. தூரத்தைக் குறைப்பதைத் தவிர மருந்து இல்லை. மழை பெய்து ஓய்ந்த அரைமணி நேரம் விதிவிலக்கு.

ஜூன் முதல் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல். காற்று மேற்கிலிருந்து கணவாய் வழியாக வரும். மேற்கே பார்த்து நின்றால் முன்கண்ணாடியில் நேராகத் துளி விழும். கிழக்கே பார்த்து எடுங்கள், ஆழமான லென்ஸ் ஹூட் போடுங்கள், பருத்தித் துணி இரண்டு வைத்திருங்கள். ஒன்று நனைந்துவிடும். ஏ.சி. காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் பனி படியும்; கால்மணி நேரம் பையைத் திறக்காமல் வெளியே வைத்தால் சரியாகிவிடும். மேகம் மலையில் பாதியை விழுங்கியிருக்கும் நாட்களில் வண்டியின் விளக்கும் ஈரத் தண்டவாளத்தின் மினுக்கமும் போதும். அந்த மாதத்தில் மலைக்காக ஏங்காதீர்கள்.

வண்டி இல்லாத நேரம்

மஞ்சள் பெயர்ப்பலகையிலிருந்து தொடங்கலாம். மேலே தமிழ், நடுவில் இந்தி, கீழே ஆங்கிலம், அடியில் கடல்மட்டத்திலிருந்து உயரம். இந்த உயரத்தை வெட்டிவிடாமல் எடுங்கள். எட்டுப் பத்து மீட்டர் தள்ளி, 50 மில்லிமீட்டருக்குக் குறையாமல், நேர் எதிரே. நேர்வெயிலில் மஞ்சள் வெளுத்துவிடும். மேகம் மூடிய நேரமே இதற்கு நல்லது. புதிய பலகைகள் ஒளி திருப்பும் தாளில் செய்தவை. ஃபிளாஷ் அடித்தால் வெள்ளைச் சதுரம்தான் கிடைக்கும். ஃபிளாஷைப் பொதுவாகவே பையில் விட்டுவிடுங்கள். ஓடும் வண்டியை நோக்கி அடிப்பது லோகோ பைலட்டின் கண்ணைப் பறிக்கும் காரியம்.

பழைய ஸ்டேஷன்களில் வேலிக்கம்பமும் கூரைத்தூணும் பெரும்பாலும் கழித்த தண்டவாளத் துண்டுகள். மறுபயனுக்கு வந்த அந்தத் துண்டுகளின் இடுப்பில், பெயின்ட் அடுக்குகளுக்குக் கீழே, உருட்டாலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தாக இருக்கும். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மொபைல் டார்ச்சைத் தூணோடு ஒட்டினாற்போல், பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில், பக்கவாட்டிலிருந்து பிடியுங்கள். எழுத்தின் ஒரு ஓரம் வெளிச்சமாகவும் மறு ஓரம் நிழலாகவும் எழுந்து நிற்கும். கேமரா நேர் எதிரே, எஃப் 8. ஒரு பக்கம் படிக்க முடியாவிட்டால் டார்ச்சை மறுபக்கம் மாற்றுங்கள். சுரண்டுவதும் சாக்பீஸ் தேய்ப்பதும் வேண்டாம். தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14இல். அதற்கு முந்தைய சவுத் இந்தியன் ரயில்வேயின் எஸ்.ஐ.ஆர். எழுத்துகள் வார்ப்பிரும்புப் பெஞ்சுக் கால்களிலும் பழைய பெட்டகங்களிலும் அங்கங்கே தப்பிப் பிழைத்திருக்கின்றன. கண்ணில் பட்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை அந்தப் பெஞ்சு இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டு, சிவப்பு மணல் வாளிகள், டிக்கெட் ஜன்னலின் தேய்ந்த கல், கட்டணப் பலகை, குடிநீர்க் குழாய் மேடை. இவற்றை வேகமாக எடுத்துவிடலாம், ஆனால் விட்டுவிடக்கூடாது.

அனுமதியும் 25,000 வோல்ட்டும்

பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய், இரண்டு மணி நேரம் செல்லும். எடுத்த கையோடு நேரே ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய் என்ன எடுக்கப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். ‘சார், வண்டியும் ஸ்டேஷனும் மட்டும்தான், பிளாட்பாரத்தை விட்டு இறங்க மாட்டோம்’ என்ற ஒரு வாக்கியம் பல கதவுகளைத் திறக்கும். அவர் வேண்டாம் என்றால் வாதாடாதீர்கள். கிராஸிங் ஓடிக்கொண்டிருக்கும்போது போய்க் கேட்காதீர்கள். சிக்னலை இயக்கும் பேனல் அறைக்குள் கேமராவை நீட்டாதீர்கள். படப்பிடிப்பு, விளம்பரம் போன்றவற்றுக்கு ரயில்வே தலைமையகத்தில் முறையான அனுமதி தனி. டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

தண்டவாளத்தில் இறங்குவது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 147ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டத்தை விடுங்கள், மின்சார இன்ஜினும் டிஸ்க் பிரேக் உள்ள புதிய வகை எல்.எச்.பி. பெட்டியும் பின்னால் வந்தால் சத்தம் கேட்பதற்குள் வந்துவிடும். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டாம், நெருங்கினாலே பாயும். இரண்டு மீட்டருக்குள் எதுவும் போகக்கூடாது. நடைமேம்பாலத்தில் வலைக்கு மேலாக மோனோபாட், செல்ஃபி குச்சி, குடைக்கம்பி எதையும் நீட்டாதீர்கள். பிளாட்பாரத்தில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். ரன் த்ரூ வண்டி கிளப்பும் காற்று டிரைபாடைச் சாய்க்கப் போதுமானது, தொங்கும் வாரைப் பிடித்து இழுக்கவும் போதுமானது.

குறிப்பும் மறுபடமும்

2023இல் தொடங்கிய அம்ரித் பாரத் திட்டத்தில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான ஸ்டேஷன்களின் முகப்பு மாறிக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் இல்லாத ஸ்டேஷனிலும் பிளாட்பாரம் உயர்த்துவது, கூரை மாற்றுவது, கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போடுவது என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். இன்று சாதாரணமாகத் தெரியும் முகப்புப் படம்தான் பத்து வருடம் கழித்து எல்லாரும் தேடுவது. ஆகவே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நான்கைந்து நிலையான காட்சிகளை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் அதே இடத்திலிருந்து எடுங்கள்: தெருவிலிருந்து முகப்பு, பிளாட்பாரத்தின் இரு கோடியிலிருந்து நீளவாக்கு, மேம்பாலத்திலிருந்து யார்டு, டிக்கெட் கூடம்.

அதே இடம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியாது. மாஸ்ட்டில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கிலோமீட்டரையும் அந்தக் கிலோமீட்டருக்குள் எத்தனையாவது மாஸ்ட் என்பதையும் சொல்கிறது, ஜி.பி.எஸ். பத்து மீட்டர் தவறும், மாஸ்ட் எண் தவறாது. கூடவே லென்ஸ் நீளம், கேமராவின் உயரம், மாதம், மணி. போன வருடத்துப் படத்தை மொபைலில் வைத்துக்கொண்டு, அருகில் உள்ள தூணின் விளிம்பும் தூரத்துக் கட்டடத்தின் மூலையும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று ஒப்பிட்டு இடம் பிடியுங்கள். அருகும் தூரமும் சேரும் அந்தப் புள்ளி சரியாக அமைந்தால் நீங்கள் நிற்கும் இடமும் சரி.

வண்டிப் படத்துக்கு வண்டி எண், இன்ஜினின் ஐந்து இலக்க எண், பக்கத்தில் எழுதியிருக்கும் ஷெட் பெயர், போகும் திசை, தாமதம். இன்ஜின் எண்ணை அப்போதே பெரிதாக்கிப் பார்த்து எழுதிவிடுங்கள். மங்கலான படத்தில் 3க்கும் 8க்கும் பிறகு சண்டைதான் மிஞ்சும். கேமராக் கடிகாரத்தை மொபைலோடு ஒத்துவைத்தால் இரண்டிலும் எடுத்த படங்கள் ஒரே வரிசையில் அடுக்கிக்கொள்ளும். வெட்டிச் சரிசெய்த பிரதி வேறு, மூலக்கோப்பு வேறு. மூலத்தை இரண்டு இடத்தில் வைத்திருங்கள். ஓரத்தில் தற்செயலாக விழுந்த தண்ணீர்த் தொட்டியோ பழைய சிக்னல் கம்பமோதான் பிற்பாடு யாராவது கேட்டு வரும் விவரமாக இருக்கும், அதை வெட்டிவிட்ட பிரதி மட்டும் கையில் இருந்தால் காட்ட ஒன்றும் இருக்காது.